வாசகர் கேள்வி பதில்: பரிவட்டம் யார் தலைக்கு?

பங்குனியில் காப்புக் கட்டியதிலிருந்து ஆடிக் கொடை விழா முடியும்வரை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, ஊர்த் திருவிழாவைப் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதிய அனைவரும், ஒருவர் விடாமல், தங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பெயர் போட்டால் அடுத்த வருடம் எங்கள் தெருவுக்குள் சப்பரம் நுழையாது" என்று ஒருவர் காரணத்தையும் எழுதிவிட்டார். ஆகவே மாவட்டத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

*

எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கல் எட்டு நாள் நடக்கிறது. அதைப் பற்றிய பேச்சோ எட்டு மாதம் ஓடுகிறது. யார் பணத்தைச் சாப்பிட்டார், யாருக்கு மாலை விழவில்லை, யார் வீட்டுப் பெண் யாரோடு ராட்டினத்தில் ஏறினாள் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. சாமி கும்பிடத்தான் திருவிழா என்பதை ஊர் மறந்துவிட்டதா?
(விருதுநகர் மாவட்ட வாசகர்)

மறக்கவில்லை ஐயா. தீச்சட்டி எடுக்கிறவர் விரதத்தோடுதான் எடுக்கிறார். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருக்கும் மூன்று பேச்சுகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதால், அவற்றைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். பணம் எங்கே போயிற்று என்ற பேச்சு, தணிக்கையாளர் எவரும் எட்டிப் பார்க்காத ஒரு வரவு செலவை டீக்கடை பெஞ்சு தணிக்கை செய்கிற முயற்சி. அது பல நேரம் தப்பாகப் போகும், நேர்மையாக உழைத்த பொருளாளரின் தூக்கத்தைக் கெடுக்கும்; ஆனாலும் அது ஊருக்குப் பொதுவான காரியம். மாலை யாருக்கு விழுந்தது என்பதும் அப்படியே. அதைப் பற்றிக் கீழே நிறையப் பேசப் போகிறோம். ராட்டினத்தில் யார் யாரோடு ஏறினார்கள் என்பது யாருடைய காரியமும் இல்லை. அந்த ஒரு பேச்சினால் மறு மாதமே படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணை நான் அறிவேன். உடன் ஏறிய பையன் அடுத்த ஆண்டு விழாக் குழுவில் இருந்தான்.

*

விழா நோட்டீஸில் யார் பெயரை முதலில் போடுவது என்பதில் இந்த ஆண்டு எங்கள் குழுவே இரண்டாக உடைந்துவிட்டது. அகர வரிசையில் போட்டால் பிரச்சினை தீருமா?
(மதுரை மாவட்ட வாசகர்)

தீராது, அனுபவத்தில் சொல்கிறேன். பள்ளி விடுமுறைகளில் எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கும் வேலை செய்திருக்கிறேன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, காலால் மிதிக்கும் டிரெடிலில் ஓட்டிய காலம் அது. ஆண்டு முழுவதும் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் முதலாளிக்குப் பங்குனி பிறந்தால் கை நடுங்கத் தொடங்கிவிடும். மஞ்சள் தாளில் சிவப்பு மையில் அடிக்கும் அந்த ஒரு நோட்டீஸ்தான் காரணம்.

ஒரு வருடம், சண்டை வேண்டாம் என்று எண்ணிய குழுவினர் நன்கொடையாளர் பெயர்களை நீங்கள் சொல்வதைப் போலவே அகர வரிசையில் அடிக்கச் சொன்னார்கள். பட்டியலின் நடுவில் போய் விழுந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து, தம் பெயருக்கு முன்னால் 'அன்னதானச் செம்மல்' என்று சேர்க்கச் சொன்னார். பட்டமும் பெயரோடு சேர்ந்ததுதானே, ஆகவே 'அ'வில் வர வேண்டும் என்பது அவருடைய வாதம். செய்தி எப்படியோ கசிந்து, மாலைக்குள் 'அறப்பணி', 'அருள்நெறி', 'அம்மன் அடிமை' என்று ஏழெட்டுப் பேர் 'அ'வுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். 'அ' எழுத்துக்கான ஈயக் கட்டைகள் பெட்டியில் தீர்ந்து போய், நாங்கள் பக்கத்து ஊர் அச்சகத்தில் கடன் வாங்கி வந்தோம். நோட்டீஸ் வெளியான பிறகும் அடங்கவில்லை. ஒருவர் பள்ளிக்கூட அடிக்கோலுடன் வந்து, தம் பெயரின் உயரத்தையும் தம் பங்காளி பெயரின் உயரத்தையும் அளந்து காட்டி, "இது பதினெட்டுப் பாயிண்டா, பன்னிரண்டா, நீயே சொல் தம்பி" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

எனக்குத் தெரிந்து ஓரளவு வேலை செய்த ஒரே வழி, ரசீது எண் வரிசை. முதலில் பணம் கட்டியவர் முதலில் வருவார். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. கொசுறாக ஒரு நன்மையும் உண்டு: மறு வருடம் வசூல் சீக்கிரமே முடிந்துவிடும்.

அந்த நோட்டீஸைக் கையில் வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். முன்னிலை, தலைமை, வரவேற்பு, உபயம், நன்றியுரை என்று எல்லா வரிகளையும் படித்துவிட்டு, அதில் எத்தனை பெண்களின் பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். முளைப்பாரி வளர்த்தது யார், மாவிளக்கு எடுத்தது யார் என்ற கேள்வியும் அப்போது தானாக வரும்.

*

ஒலிபெருக்கி போடுகிற மைக் செட்காரர் எப்போதும் எதிர்க் கோஷ்டியின் பக்கமே சாய்கிறார். அவர் உண்மையில் யார் பக்கம்?
(திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

போன வருடப் பாக்கியைத் தீர்த்தவர் பக்கம்.

*

முதல் மரியாதை எங்கள் வகையறாவுக்கா, பங்காளி வகையறாவுக்கா என்ற தகராறில் மூன்று ஆண்டுகளாக எங்கள் கோயில் தேர் நிலையிலேயே நிற்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடந்தும் பலனில்லை. இதற்கு எங்கே போய் முறையிடுவது?
(சிவகங்கை மாவட்ட வாசகர்)

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோயில் அறநிலையத் துறையின் கீழ் வருவதாயின், 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, வழக்கத்தின் காரணமாகவோ வேறு காரணத்தாலோ ஒருவருக்குக் கோயிலில் மரியாதை பெறும் உரிமை உண்டா என்பதை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் இணை ஆணையருக்கு இருக்கிறது. அவருடைய முடிவு பிடிக்காவிட்டால் 69-ஆவது பிரிவின்படி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அதற்கும் மேல் நீதிமன்றம் இருக்கிறது. தாசில்தார் கூட்டும் சமாதானக் கூட்டம் அமைதியைக் காப்பதற்கானது. அது உரிமையைத் தீர்மானிப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல், அந்தக் கூட்டத்தில் கையெழுத்திட்டால் உரிமை போய்விடும் என்று பயந்தே பல ஊர்களில் இரு தரப்பும் எழுந்து போய்விடுகிறார்கள்.

சட்டம் இவ்வளவுதான். இனி உங்கள் மாவட்டத்துக் கதையையே உங்களுக்கு நினைவூட்டுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். தேவகோட்டைக்குப் பக்கத்திலுள்ள கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேருக்கு நான்கு வடங்கள். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என நாடுகளும், அதாவது ஊர்த் தொகுதிகளும், நான்கு. நாட்டுக்கு ஒரு வடம் என்பது பழைய ஏற்பாடு. எந்த நாட்டாருக்கு எப்போது மரியாதை, யார் வந்த பிறகு வடம் தொட வேண்டும் என்பதெல்லாம் அங்கே தலைமுறை தலைமுறையாக அளந்து வைத்திருந்த விஷயங்கள். அந்த நான்கு நாடுகளுக்குள்ளேயே வாழ்ந்த தலித் மக்கள், நாங்களும் வடம் பிடிப்போம் என்று கேட்டதில் 1998-இல் தகராறு வெடித்தது. தேர் சில ஆண்டுகள் நின்றது. பிறகு போலீஸ் காவலுக்கு நடுவே சில ஆண்டுகள் ஓடியது. 2006-க்குப் பிறகு மறுபடியும் நின்றுவிட்டது. புதுத் தேர் செய்து முடித்த பின்னும் அது நகரவில்லை. வழக்குகள் நடந்து, உயர் நீதிமன்றம் நெருக்கி, 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம் விட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் தேரோட்டம் நடந்தது. கடைசித் தேரை இடுப்பில் இருந்து பார்த்த குழந்தை, அடுத்த தேரைப் பார்க்க வாக்காளர் அட்டையோடு வந்திருக்கும்.

அங்கே நடந்ததும் உங்கள் ஊரில் நடப்பதும் ஒன்றல்ல என்பதை அறிவேன். உங்களுடையது பங்காளிகளுக்குள், முன்னால் நிற்பது யார் என்ற போட்டி. அங்கே கேட்கப்பட்டது, தங்களையும் அந்த ஊரின் ஆட்களாகக் கணக்கில் சேர்க்கிறீர்களா இல்லையா என்பது. 63-ஆவது பிரிவு வழக்கத்தை விசாரிக்கும். ஆனால் சாதியைச் சொல்லி ஒருவரை விலக்கி நிறுத்துகிற வழக்கத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது உறுப்புக்கு முன்னால் எந்த மதிப்பும் கிடையாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். 'தேர் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் தலையில் பரிவட்டம் ஏறக்கூடாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் உங்கள் இருவருக்கும் உடன்பாடான ஒரு விஷயம் ஏற்கெனவே இருக்கிறது: யார் தலையிலும் ஏறாத பரிவட்டம். இரண்டு ஆண்டுகளுக்குப் பரிவட்டத்தைச் சாமிக்கு மட்டும் சார்த்திவிட்டு, விபூதியும் காளாஞ்சி என்னும் தாம்பூலப் பிரசாதமும் எல்லோருக்கும் கை நீட்டும் வரிசையில் கொடுத்துப் பாருங்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளலாம். வழக்கு தன் போக்கில் நடக்கட்டும், தேரும் தன் போக்கில் நடக்கட்டும்.

*

திருவிழாத் திடலில் ராட்டினத்துக்கு ஒரு ஆளுக்கு நூறு ரூபாய் கேட்கிறார்கள். நான்கு பேர் உள்ள குடும்பம் என்ன செய்யும்? விழாக் குழுவுக்கு இதில் பங்கு இருப்பதாக ஊரில் பேச்சு.
(தேனி மாவட்ட வாசகி)

பங்கு இருப்பது உண்மைதான், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. திடலில் ராட்டினம் போடும் உரிமை ஏலம் விடப்படுகிறது. உங்கள் மாவட்டத்திலேயே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்துக்கான ஏலம் மட்டும் கோடி ரூபாயைத் தாண்டிப் போகிறது; விழா நடப்பதோ எட்டே நாள். ஏலத்தில் கொட்டிய பணத்தையும், ராட்டினத்தை லாரியில் ஏற்றி வந்து பூட்டிய கூலியையும், டீசலையும், ஆட்களின் சம்பளத்தையும் அந்தச் சில இரவுகளுக்குள் எடுத்தாக வேண்டும் என்று ஏலதாரர் கணக்குப் போடுகிறார். அதை நீங்களும் உங்கள் பிள்ளைகளும் கொடுக்கிறீர்கள். ஏலத் தொகை உயர்ந்ததைக் கோயிலுக்கு வந்த வருமானமாக மேடையில் அறிவித்துக் கைதட்டல் வாங்குகிறவர்கள், அது யாருடைய பையிலிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை.

கட்டணத்துக்கு உச்ச வரம்பை ஏல நிபந்தனையிலேயே எழுதி, திடலில் பலகை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏலத்துக்கு முன்பு கேட்டால் நடக்கும். ராட்டினம் சுற்றத் தொடங்கிய பிறகு கேட்டால், ஏலதாரர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். கூடவே, பொதுப்பணித் துறையும் தீயணைப்புத் துறையும் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். நூறு ரூபாயைவிட அது முக்கியம்.

*

கணவரைப் பிரிந்து, இரண்டு மகள்களுடன் பிறந்த ஊரிலேயே தனி வீட்டில் இருக்கிறேன். தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு கொடைக்கு வரிப் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். "பெண்பிள்ளைக்கு வரி கிடையாது, வேண்டுமானால் நன்கொடையாக எழுதிக்கொள்கிறோம்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். "வரி என்றால் என்ன, நன்கொடை என்றால் என்ன, சாமிக்குப் போகிற பணம்தானே" என்கிறார் அண்ணன். ஊரில் எனக்குத் திமிர் என்று பேச்சு. நான் செய்தது தவறா?
(தூத்துக்குடி மாவட்ட வாசகி)

தவறில்லை சகோதரி. இம்முறை வந்த கடிதங்களிலேயே விஷயத்தின் வேரைத் தொட்டது உங்களுடையதுதான்.

வரி வேறு, நன்கொடை வேறு என்பது உங்கள் அண்ணனுக்கும் தெரியும். தெரியாததைப் போலப் பேசுகிறார். நன்கொடையை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வெளியூர் ஜவுளிக்கடை கொடுக்கலாம், தேர்தலுக்கு நிற்கப் போகிறவர் கொடுக்கலாம். பதிலுக்கு ஃபிளெக்ஸில் ஒரு படமும் மைக்கில் ஒரு நன்றியும் கிடைக்கும். வரி அப்படியல்ல. அது ஊரின் ஒவ்வொரு தலைக்கட்டும், அதாவது குடும்பமும், விழாவுக்காகக் கட்டும் பங்கு. வரி நோட்டு என்று ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும், பார்த்திருப்பீர்கள்: நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டு, முதல் பக்கத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே தலைக்கட்டு எண், பெயர், தொகை, பாக்கி என்று கோடு கிழித்திருப்பார்கள். அந்த நோட்டில் பெயர் இருக்கிறவர்தான் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசலாம், கணக்குக் கேட்கலாம், குழுவுக்கு நிற்கலாம். படைப்புச் சோற்றிலும் வெட்டிய கிடாயின் கறியிலும் அவர் வீட்டுக்கு ஒரு பங்கு வரும். அதனால்தான் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்க நினைக்கிறவர்கள் முதலில் செய்யும் வேலை, அவர்களிடம் வரி வாங்குவதை நிறுத்துவது. தண்ணீரை நிறுத்துவதும் கடையில் சாமான் கொடுக்காமல் இருப்பதும் அதற்குப் பிறகு வருபவை. வரி கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும் ஆண்கள், அதை வாங்க மறுக்கப்பட்ட வீட்டின் வாசலில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

அந்த நோட்டில் தலைக்கட்டு என்றால் திருமணமான ஆண் என்று எழுதாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். சில ஊர்களில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு அரை வரி. சலுகை என்ற பெயரில் கொடுக்கப்படுவதால் பலருக்கும் அது உறுத்துவதில்லை. ஆனால் வரியும் பாதி, பேச்சும் பாதி, பங்கும் பாதி. பிரிந்து வந்த மகளுக்கு அந்தப் பாதியும் இல்லை. அவள் பெயர் கணவனின் ஊர் நோட்டிலும் இருக்காது, பிறந்த ஊர் நோட்டிலும் இருக்காது. உங்கள் அண்ணன் வீடு ஒரு தலைக்கட்டு, உங்கள் வீடு அந்தத் தலைக்கட்டின் நிழல் என்பதுதான் "நன்கொடையாக எழுதிக்கொள்கிறோம்" என்பதன் பொருள்.

பொது வசூல் என்பது எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யக்கூடியது என்பதற்குப் பக்கத்து விருதுநகரே சான்று. வியாபாரிகள் தங்கள் சரக்கின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமையும், வீடுகளில் உலை வைக்கும் முன் எடுத்து வைத்த பிடியரிசியும் சேர்ந்துதான் அங்கே 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தன; காமராசர் படித்த பள்ளி அது. பானையிலிருந்து ஒரு பிடியை எடுத்து வைத்த கை பெண்ணின் கைதான். அந்த அரிசியை எந்த ஊரும் "பெண்பிள்ளை அரிசி" என்று திருப்பி அனுப்பியதில்லை.

இனி, என்ன செய்யலாம் என்பது. அடுத்த கொடைக்கான வரிக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பாக, உங்கள் வீட்டைத் தனித் தலைக்கட்டாகச் சேர்க்கும்படி எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டு வரி ரசீதையும் குடும்ப அட்டையையும் இணையுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கொடுக்கும் அரசு, தனித்து வாழும் பெண்ணின் வீட்டையும் அவள் தலைமையிலான குடும்பம் என்றுதான் எழுதிக்கொள்கிறது. அரசின் நோட்டில் தலைவியாக இருக்கிறவர் ஊர் நோட்டில் ஏன் இருக்கக் கூடாது என்று கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம். உங்கள் ஊரில் உங்கள் நிலையில் இன்னும் நான்கைந்து வீடுகளாவது இருக்கும். நால்வர் ஒன்றாகப் போனால் குழுவினர் அதைத் திமிர் என்று சொல்லத் தயங்குவார்கள். வழக்கத்தை மாற்றுவதா என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். பணம் பணம்தான் என்றால், இந்த ஆண்டு அவருடைய தொகையை நன்கொடையாக எழுதிவிட்டு, வரி நோட்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடச் சம்மதிப்பாரா?

*

பெரியவர்கள் இசை நாடகம் வைக்க வேண்டும் என்கிறார்கள். நாங்கள் ஆடல் பாடல் நிகழ்ச்சி கேட்கிறோம். ஆபாசம் என்று சொல்லி எங்களைக் கேவலப்படுத்துகிறார்கள்.
(புதுக்கோட்டை மாவட்ட இளைஞர்)

பெரியவர்கள் தங்கள் இளமையில் பார்த்த நாடகத்தின் முதல் ஒரு மணி நேரத்தை மறந்துவிட்டார்கள். பபூனும் டான்ஸ் காமிக்கும் எதிரெதிரே நின்று பேசிய இரட்டை அர்த்தத்துக்குத்தான் முன்வரிசை நிரம்பியது. ராஜபார்ட் வருவதற்குள் பாதிப் பேர் பாயில் தூங்கிவிடுவார்கள். ஆகவே ஒழுக்கத்தின் பெயரால் அவர்கள் வாதாடுவதை நான் முழுதும் ஏற்கவில்லை. ஆனால் உங்கள் கட்சியையும் ஏற்க முடியவில்லை. ஆடல் பாடல் மேடையில் ஆடும் பெண்கள் கூலிக்கு வந்த கலைஞர்கள். மேடையின் மீது ஏறி அவர்கள் மேல் ரூபாய் நோட்டைக் குத்தப் போகிறவர் யார் என்று உங்கள் குழுவுக்கு முன்கூட்டியே தெரியும். அவரைத் தடுப்போம் என்று எழுதித் தருவீர்களா? அடிதடி தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், அல்லது ஒரு தரப்பின் சாதிப் பெருமைப் பாட்டை மறுமுறை போடச் சொல்லும் இடத்தில்.

அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம்வரை போகிறவர்களுக்கும் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய அனுமதிதான்: ஆபாசம் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டோ பேச்சோ ஃபிளெக்ஸோ கூடாது, சொன்ன நேரத்தில் முடிக்க வேண்டும். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன; இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை. மாநில அரசு விழாக்களுக்காக நள்ளிரவு 12 மணிவரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் கூடாது. விடிய விடிய நாடகம் என்ற பெரியவர்களின் கனவுக்கும் இதே விதி பொருந்தும் என்பதை அவர்களிடம் பணிவோடு சொல்லலாம்.

*

சப்பரத்தின் உயரத்தைக் குறைக்கச் சொல்லி மின்வாரிய ஊழியர் ஒருவர் நிறுத்திவிட்டார். அவர் எதிர்த் தெருக்காரர் என்பதால் வேண்டுமென்றே செய்ததாக ஊரே பேசுகிறது.
(தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

ஐயா, உங்கள் மாவட்டத்தில் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று விடியும் முன்பு, அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஊழியர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு உயரத்தைக் குறையுங்கள். தெருவில் புதிதாகச் சாலை போட்டிருந்தால், போன வருடம் தட்டாமல் போன சப்பரம் இந்த வருடம் தட்டும். மூங்கில் கட்டும் முன்பே கம்பியின் உயரத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், ஊர்வலம் முடியும்வரை மின்சாரத்தை நிறுத்த எழுத்தில் கேளுங்கள்.

*

எங்கள் ஊர்ச் சாமியாடி அருள் வந்து ஆடும்போது, "என் வாசலில் கணக்குச் சரியில்லை" என்று பொருளாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டார். பொருளாளர் ராஜினாமா செய்துவிட்டார். அம்மன் வாக்கா, ஆள் வாக்கா?
(திருநெல்வேலி மாவட்ட வாசகர்)

அருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் ஊரிலும் ஒரு முறை இப்படி நடந்தது. நள்ளிரவுச் சாமக்கொடையில், உடுக்குச் சத்தம் உச்சத்துக்குப் போன நேரத்தில், சாமியாடி வேப்பிலையை ஓங்கி, "எனக்கு வாங்கின பட்டு எங்கேடா?" என்று கேட்டார். கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது. அன்றைய பொருளாளர் ஓய்வு பெற்ற தபால்காரர். கொஞ்சமும் பதறாமல், வேட்டி மடிப்பிலிருந்து ரசீதை எடுத்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விரித்து, "ஆத்தா, கடைக்காரன் சரக்கு செவ்வாய்க்கிழமைதான் வரும்னு எழுதிக் கொடுத்திருக்கான்" என்று சாமிக்கே படித்துக் காட்டினார். சாமி ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு விபூதி பூசிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டது.

உங்கள் பொருளாளர் ராஜினாமா செய்ததற்குப் பதிலாக ரசீதுக் கட்டைக் கொண்டுவந்திருக்கலாம். இப்போதும் நேரம் இருக்கிறது. வரவையும் செலவையும் வரி வரியாக எழுதிக் கோயில் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். "இதர செலவுகள்" என்ற தலைப்பில் ஒரு பைசாவும் வரக் கூடாது, வதந்தியெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள்ளிருந்துதான் பிறக்கிறது. கோயில் அறநிலையத் துறையுடையது என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கணக்கைக் கேட்டுப் பெறலாம். விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய்க் கட்டணம் போதும், உடுக்கு வேண்டாம்.

*

இருபது வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். ஊருக்குப் போவதே இல்லை. வரி மட்டும் வருடம் தவறாமல் ஜிபே-யில் கேட்கிறார்கள். இந்த ஆண்டு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார்.
(சென்னை வாசகர்)

கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து பந்தலைப் பிரிக்கும் முன்பு, பாக்கிதாரர் பெயர்களை மைக்கில் வாசிக்கும் வழக்கம் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால், உங்கள் பெயருக்கு முன்னால் உங்கள் அப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்தபடி அதைக் கேட்கப் போவது அம்மா. பணத்தை அனுப்பிவிடுங்கள். ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் வரி என்று எழுதியிருக்கிறார்களா, நன்கொடை என்று எழுதியிருக்கிறார்களா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.